வெறுங்கையால் எடுத்த மீன்

அன்புள்ள எர்மெலிந்தாவுக்கு,

உன் இடுப்புவலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை.

நேற்று ஆராய்ச்சிக் கப்பலில், அட்டகாமா கடலடி அகழியின் ஏழு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மீன்பொறியை ஏற்றினோம். உள்ளே ஒரேயொரு நத்தைமீன். செதிலில்லாத நீல உடம்பு. நம் ஊர்ப் படகுத்துறையில் மீன் அள்ளிய பழக்கத்தில் வெறுங்கையால் எடுத்துவிட்டேன். விரலிடுக்கில் கூழாக வழிந்தது.

"ஐஸ்தண்ணியில போடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, செர்வாந்தோ. உங்க கைச்சூட்டுலயே கரைஞ்சுபோச்சு," என்றார் கப்பலில் மீன்களை ஆராயும் அம்மாள்.

கையுறை ஒரு ஜோடி அனுப்பு. கடையில் வாங்கியதே போதும், நீ பின்ன வேண்டாம். தபால் படகு கிளம்புகிறது.

நான் ஊருக்கு வரும்போதெல்லாம், "உங்க கை பிணம் மாதிரி சில்லுனு இருக்கு, தொடாதீங்க" என்று விலகிப் படுப்பாய். என் கையில் சூடு இருக்கிறதாம். அந்த அம்மாள் சொன்னதை நாலு பேர் காதால் கேட்டார்கள், நம்பாவிட்டால் விசாரித்துக்கொள்.

செர்வாந்தோ