முதியோர் தட்டு, முழு விலை

ஜூன் 29

இதை எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை; இந்த நோட்டிடம்தான் போலும். எனக்கு விலையைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. நாட்டின் விலைவாசிக் கணக்குக்காகக் கடை கடையாய் விலை எடுக்கிற அரசு வேலை. மாதாமாதம் அதே கடை, அதே பொருள், அதே அளவு. இன்று என்ன விலை? எழுது, நகரு. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்.

அப்பா காகித ஆலையில் நாற்பத்தொரு வருடம் இருந்தவர். அம்மா போனபின் வாரத்தில் ஐந்து நாள் காலை ஏழு மணிக்கு டார்லீன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறார். ஜன்னலோர மேஜை, ஆலையில் கூட இருந்த க்ளீட்டஸ், இன்னும் இரண்டு பேர். இரண்டு முட்டை, உருளைக்கிழங்கு, ரொட்டி, காபி: முதியோர் தட்டு, சலுகை விலை ஏழரை டாலர். அந்த மேஜையில்தான் அப்பா வாய்விட்டுப் பேசுகிறார். வீட்டில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை.

ஜூலை 1

இன்று அப்பாவைக் கூட்டிவரப் போய் மாட்டிக்கொண்டேன்.

"வா காலேஜ்காரி, உக்காரு. எங்க பென்ஷன் வருசா வருசம் எப்படி ஏறுதுன்னு சொல்லு" என்றார் க்ளீட்டஸ்.

விலைவாசி ஏறுவதைப் பார்த்து ஏற்றுவார்கள் என்றேன்.

"யாரு வாங்குற சாமானோட விலை? எங்களதா?"

"இல்ல... வேலைக்குப் போறவங்க வாங்குறது."

"உயர்வு எனக்கு, ஷாப்பிங் அவனுக்கா?"

டி.வி. பெரிதாகி, விலை மட்டும் அப்படியே இருந்தால் கணக்கில் அது மலிவு என்பதையும் உளறினேன்.

"அப்ப டி.வி.யைப் பொரிச்சுத் தின்னுட வேண்டியதுதான்!"

மேஜையே குலுங்கியது. எந்த மாத விலையைப் பார்ப்பார்கள் என்று கேட்டார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்றேன். க்ளீட்டஸின் கண்கள் மின்னின. எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 2

நடந்துவிட்டது. நால்வரும் டார்லீனிடம் போய், முதியோர் சலுகையை மூன்று மாதம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்! தட்டு பதினொன்றே கால் டாலர். விலை ஏறினால் பென்ஷன் ஏறுமாம். "இது நாட்டுல இருக்கிற எல்லாக் கிழவனுக்காகவும்" என்றாராம் க்ளீட்டஸ். கடையில் கைதட்டல் வேறு.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். "சரிதானே கோரி? நீ படிச்சவ."

நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விலைகளைக் கூட்டிப் பார்க்கிற கணக்கு அது, இந்த ஒரு தட்டு அதில் உப்புக்கல் கூட இல்லை. சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தார். ஏன் எனக்கு எப்போதும் இப்படி?

ஜூலை 17

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். டார்லீன் கடை என் பட்டியலில் இருக்கிறது. எந்தெந்தக் கடை என்று யாரிடமும் சொல்லக் கூடாது, அப்பாவிடமும். பிற்பகல் மூன்று மணிக்கு, மேஜை காலியான பிறகு போனேன். முதியோர் தட்டு: 11.25. உயர்வுக்குக் காரணம் என்ற கட்டத்தில் "வாடிக்கையாளர் வேண்டுகோள்" என்று எழுதினேன். மேலதிகாரி போன் செய்து, தவறாக எழுதிவிட்டேனா என்று இரண்டு முறை கேட்டார்.

ஆகஸ்ட் 20

அதே தட்டு. 11.25. க்ளீட்டஸ் இப்போது டிப்ஸும் கூட வைக்கிறாராம், "கணக்குல சேரட்டும்" என்று.

செப்டம்பர் 30

கடைசி நாள். தியாகிகள் நால்வரும் கேக் வெட்டினார்கள். அதுவும் முழு விலைக்கு.

அக்டோபர் மத்தி, தேதி மறந்தது

பென்ஷன் உயர்வை டி.வி.யில் அறிவித்தார்கள். இரண்டரை சதவீதம். "நாமதான்யா!" என்று க்ளீட்டஸ் மேஜையில் ஏறப் பார்த்தாராம், முட்டி விடவில்லை.

அக்டோபர் 21

இனி சலுகையைத் திரும்பக் கொடு என்று டார்லீனிடம் கேட்டிருக்கிறார்கள்.

"அதான் உங்களுக்கு உயர்வு வந்துடுச்சே! மூணு மாசம் ஒருத்தராவது முனகினீங்களா?"

சலுகை திரும்பவில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

டிசம்பர் 4

அப்பாவுக்குக் கடிதம் வந்தது. மாதம் முப்பத்தைந்து டாலர் கூடுதல். மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பது பத்து டாலர் கூடுதல். மிச்சம் இருபத்தைந்து. தட்டுக்கு மாதம் எண்பது அதிகமாகக் கொடுக்கிறார். அப்பா கடிதத்தை மடித்து, திரும்பப் பிரித்து, மறுபடி மடித்தார்.

ஜனவரி 8

இந்த வாரம் அப்பா கடைக்குப் போகவே இல்லை. "முட்டை ஒத்துக்கல" என்கிறார். வீட்டில் இரண்டு முட்டை பொரித்துத் தின்றுகொண்டே சொல்கிறார்.

ஜனவரி 19

வீட்டில் பதினொரு வார்த்தை. இன்று எண்ணினேன்.

ஜனவரி 20

விலை எடுப்பவள் விலையைப் பற்றிக் கடைக்காரரிடம் பேரம் பேசக் கூடாது. சரி. அப்படியானால் நான் அங்கே விலை எடுப்பவளாக இருக்கக் கூடாது. அந்த ஒரு கடையை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி மேலதிகாரிக்கு எழுதினேன். காரணம்: "என் குடும்பம் அங்கே சாப்பிடுகிறது." சாப்பிட்டது என்று எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை.

பிப்ரவரி 2

மாற்றிவிட்டார்கள்.

பிப்ரவரி 3

காலை ஏழு மணி. சும்மா ஒரு ரவுண்டு என்று சொல்லி அப்பாவை வண்டியில் கூட்டிப்போய், டார்லீன் கடை வாசலில் நிறுத்தினேன். இறங்க மாட்டேன் என்றார். நான் மட்டும் உள்ளே போனேன். ஜன்னலோரத்தில் க்ளீட்டஸ் தனியாக, ஒரு காபியோடு.

"ஜூலைல சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். "அந்தத் தட்டால எதுவும் ஏறல. ஏறவும் ஏறாது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

க்ளீட்டஸ் வெகுநேரம் காபியைக் கலக்கினார். சர்க்கரையே போடவில்லை. "எனக்கும் ஆகஸ்டுலயே சந்தேகந்தான்" என்றார். "உங்கப்பன் வால்ட் அவ்வளவு சந்தோஷமா இருந்தான். எப்படிச் சொல்ல?"

டார்லீன் காபிக் கெட்டிலோடு வந்தாள். "என்ன கண்ணு, இன்னிக்கு விலை எழுதலையா?"

"இனிமே நான் எழுதல. வேற ஆள் வருவாங்க." அவள் பக்கம் திரும்பினேன். "டார்லீன், அந்தத் தட்டைப் பழைய விலைக்கே குடுங்க. அப்பா வெளியில வண்டில இருக்காரு. நீங்களே போய்க் கூப்பிடுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."