பார்க்காமல் எழுதிய எண்

இருட்டுக்குப் பழகிய கண் கூசாதிருக்க டார்ச் விளக்கின் முகத்தில் நீ கட்டிவைத்த சிவப்புக் கண்ணாடித்தாள் நேற்று மாலை கையோடு பிய்ந்து வந்துவிட்டது. வேறு தாள் தேடாமல், சுவரைத் தடவியபடியே மொட்டை மாடிக்கு ஏறினேன். மழை ஓய்ந்து, குடவாசல் வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. மீன ராசி நட்சத்திரங்களின் சிறு வட்டத்தில் நம் சிவப்பு நட்சத்திரத்தைக் காணவில்லை.

என் கணவர் போன பிறகு, கான்வென்ட் விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த நீ பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தாய். பிசிக்ஸ் டீச்சராக ஓய்வுபெற்றவள் நீ. அந்த நட்சத்திரத்தை எனக்குக் காட்டியவளும் நீதான். "நம்மள மாதிரிக் கிழடுடி, ஊதிப்போச்சு" என்றாய். சூரியனைவிடப் பலமடங்கு பெரியது, ஆனால் சூடு ஏறக்குறைய பாதிதான். உள்ளே உண்டான கரி மேலே வந்து நீல ஒளியை விழுங்கிவிடுவதால் சிவந்து தெரிகிறது. அரிக்கேன் சிம்னியில் புகை படிவதைப்போல என்று விளக்கினாய்.

அது விம்மித் தணியும்போது ஒளியும் கொஞ்சம் மாறும். நட்சத்திரத்தின் ஒளியை ஓர் எண்ணால் குறிப்பார்கள்; ஒளி குறைந்தால் எண் கூடும். இதன் எண் ஐந்தை ஒட்டியே ஏறி இறங்கும். பக்கத்திலிருக்கும் மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, ஒரே நோட்டில் ஆளுக்கொரு பத்தியில் எழுதினோம். எழுதுமுன் வாய் திறக்கக்கூடாது என்பது நான் போட்ட விதி.

கடைசி வருடம், "நீ முதல்ல சொல்லேன்" என்று தினமும் கேட்டாய். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மாலை, 4.9 என்று கண்ணுக்குத் தெரிந்ததை வேண்டுமென்றே 5.6 என்றேன். நீ 5.6 என்று எழுதினாய். கண் தெரியாதவளுக்கு நோட்டு எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

"தெரியலன்னு எழுதியிருந்தா, நாளைக்கு என்னை மாடிக்குக் கூப்பிடுவியாடி?"

மறுநாள் நான் கூப்பிடவில்லை. அந்தப் பனிக்காலம் முடியுமுன் நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நேற்று, வயல் பனி மறைக்கிறது என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பிறகு புதிய தெருவிளக்கின் மேல் பழி போட்டேன். நட்சத்திரம் அப்படி அடியோடு மங்காது என்று எனக்குத் தெரியும். அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கும் மாறாத நட்சத்திரத்தைப் பார்த்தால், குறை அதிலா என் கண்ணிலா என்பது முடிவாகிவிடும். பார்க்கப் பயந்து, வெகுநேரம் கைப்பிடிச் சுவரையே பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தேன். அதுவும் இல்லை.

சென்னையிலிருந்து மகன் போன் செய்தபோது, கண்ணெல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். கண் மங்குவது தெரிந்தால் வீட்டைப் பூட்டி என்னை அழைத்துப்போய்விடுவான். போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். கை தானாக 4.9 என்று எழுதியது.

அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடித்துவிட்டு, "தெரியவில்லை" என்று எழுதினேன். கன்னியாஸ்திரீகள் மெச்சிய என் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

மகனிடம் சொல்லத் துணிவு இன்னும் வரவில்லை. பொழுது சாய்கிறது. இன்றும் ஏறுவேன். முதல் படியில் கால் வைக்குமுன், உன் பெயரைச் சொல்லி மாடிக்குக் கூப்பிடுவேன்.