பெயர் மேல் ஒட்டிய டேப்

வெர்ன்,

பீன்ஸ் சூப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துக்கொள். பேஸ்பால் பார்க்க உன் தம்பி லாய்டு வருவான். நம் டீம் தன் பழைய ஆட்டக்காரர் ப்ரூக்மனை வேறு டீமுக்குக் கைமாற்றிவிட்டதைப் பற்றி மறுபடியும் அவனோடு மல்லுக்கட்டாதே.

நேற்றே கத்தித் தீர்த்துவிட்டாய். "முட்டி போன கிழவன்டா அவன். அவனத் தள்ளிவிட்டு ரெண்டு சின்னப் பசங்கள வாங்கியிருக்காங்க, கொள்ளை லாபம். இதுக்குப் போய் அழுவாங்களா?" அழுதது நான். என் ஜெர்சி முதுகில் இருந்த ப்ரூக்மன் பெயர் மேல் டேப் ஒட்டிவிட்டுச் சிரித்தாய்.

யோசித்தேன். நீ சொன்னதுதான் சரி. உனக்கும் முட்டி போய்விட்டது. நம் பசங்கள் இரண்டு பேரையும் நான் எடுத்துக்கொள்கிறேன். அக்கா வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவோம். அப்போது நீ இங்கே இருக்காதே. சாவியை லாய்டிடம் கொடு.

மார்லீன்

சொல்ல மறந்துவிட்டேன், டேப் மிச்சமிருந்தது. வாசல் தபால் பெட்டியில் உன் பெயர் மேல் ஒட்டிவிட்டேன்.