அப்பா உடைக்கப் பார்த்த மரத்துண்டு

சேசு மரி சூசை துணை

பாகூர்,
அக்டோபர், ஆயுதபூசைக்கு அடுத்த வாரம்

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

மலைமேல் உன் கன்னியர் மடத்தில் ஒரு செப மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே இதைப் படிக்க உனக்கு நேரம் கிடைக்கட்டும். நாங்கள் இருவரும் நலம். அப்பாவுக்கு மழை வருவதற்கு முன் வரும் முட்டிவலி வந்தது, போய்விட்டது. மழைதான் இன்னும் வரவில்லை.

டிசம்பர் எட்டு, மாதா திருநாளன்று நீ துறவற வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு என்று எழுதியிருந்தாய். காலண்டரில் பென்சிலால் குறித்துவைத்தேன். நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். அன்றைக்கு நீங்கள் எல்லோரும் பீடத்தின் முன் நின்று வாசிக்கும் புத்தகத்துக்கு ஒரு மர அட்டை வேண்டும். நான் மர அட்டை போட்டுக் கொடுத்து நீ கொண்டுபோன சின்ன நோட்டைப் பார்த்து மடத்து மதர் ஆசைப்பட்டிருக்கிறார். இன்னொன்று, பெண்ணுக்கு வலப்பக்கம் அப்பாவும் இடப்பக்கம் அம்மாவும் நடந்துவந்து பீடத்தின் முன் விட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம், ஆகையால் இருவருமே வரவேண்டும்.

முதலாவதைப் பற்றிக் கவலைப்படாதே. செய்து அனுப்புகிறேன்.

இரண்டாவதை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டினேன். "வூட்ட வுட்டுப் போனவளுக்கு அட்ட வேற போட்டுக் குடுக்கணுமா" என்றார். வருவதைப் பற்றிக் கேட்டேன். "டிசம்பர்ல புயல் வந்தா கம்பத்துல யாரு ஏர்றது? மதர் வந்து ஏறுவாங்களா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நீ போனதிலிருந்து எதைக் கேட்டாலும் மின்துறையைத்தான் முன்னால் நிறுத்துகிறார். மழைக்காலத்தில் லைன்மேனுக்கு லீவு கிடைப்பது கஷ்டம்தான். அதனால் அவர் சொல்வதில் பாதி உண்மை. முழுப் பொய்யோடு சண்டை போடலாம், பாதி உண்மையோடு போட முடியாது.

மரம் எப்படித் துணி மாதிரி மடங்குகிறது என்று மதர் கேட்டதாக எழுதியிருந்தாய். இப்படிச் சொல்: முன் அட்டை, முதுகு, பின் அட்டை எல்லாம் ஒரே மெல்லிய பிளைவுட் பலகை. தோல் கிடையாது, கீல் கிடையாது. முதுகு வருகிற இடத்தில் மட்டும் லேசர் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னக் கோடுகளாக வெட்டிக்கொண்டு போகும். ஒரு வரிசையில் வெட்டு விட்டுப்போன இடத்துக்கு நேரே அடுத்த வரிசையின் வெட்டு வரும், கொத்தனார் செங்கல் அடுக்குகிற மாதிரி. வெட்டுகளுக்கு நடுவே ஈர்க்குச்சி போல நிற்கும் மரம் ஒவ்வொன்றும் துளித்துளி திருகிக்கொடுக்கும். தனியாக ஒரு குச்சியை மடக்கினால் உடைந்துவிடும். எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் பலகை மடங்குகிறது.

ஆனால் வேலையைத் தொடங்கிய அன்றே பட்டறையில் லேசர் மிஷின் படுத்துவிட்டது. கோடு விழுகிறது, பலகையின் அடிவரை இறங்கவில்லை. மெக்கானிக் சென்னையிலிருந்து போனிலேயே, லேசர் டியூபுக்கு வயதாகிவிட்டது, மாற்றவேண்டும் என்றார். செல்வி அத்தை நம்பிவிட்டாள். பட்டறையில் அவளும் நானும் சமபங்கு என்றாலும் மிஷினுக்கு ஒன்று என்றால் அவளுக்குத்தான் முதலில் அழுகை வரும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பூசைக்கு முந்தின நாள் கல்யாண வீட்டுப் பெயர்ப்பலகையை வெண்ணெய் மாதிரி வெட்டிய மிஷினுக்கு இரண்டு நாளில் எப்படி வயதாகும்? நடுவில் நடந்தது என்ன என்று யோசித்தேன். துடைத்தோம், மாலை போட்டோம், பொரி வைத்தோம்.

மூடியைத் திறந்து பார்த்தேன். லேசர் கதிரைத் திருப்பிவிட உள்ளே சின்னக் கண்ணாடிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஓரமாகத் திறந்தபடி இருக்கும் கண்ணாடியின் நடுவில் ஒரு கருகல். முகர்ந்தால் சந்தனம். செல்வி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்தாள். "இன்னாடி ராணி, மிஷினுக்குக் கண்ணு அதானே? கண்ண வுட்டுட்டு வேற எங்க பொட்டு வெப்பாங்க?" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் டியூபுக்கு வந்த வயதெல்லாம் போய்விட்டது.

புதுக் கண்ணாடி கூரியரில் வருகிறது. அடுத்த வருஷம் பொட்டு மூடிக்கு வெளியே மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவர் உன் தூக்கத்தையும் விழிப்பையும் காப்பாராக.

உன் அம்மா,
விஜயராணி

*

பாகூர்,
நவம்பர், கல்லறைத் திருநாள் முடிந்து

அன்பு ஜெசி,

கல்லறைக்குப் போய்த் தாத்தாவுக்குப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். அப்பாவும் வந்தார். செபம் முடிந்ததும் யாரோ உன்னைப் பற்றி விசாரித்தார்கள். அப்பா மெழுகுவத்தி அணைந்ததா என்று பார்க்கப் போய்விட்டார்.

மிஷின் சரியாகிவிட்டது. முதல் அட்டை உடைந்துவிட்டது. அதற்குக் காரணம் மிஷின் இல்லை, என் ஆசை. வாங்கிவந்த பலகையில் வரிகள் அத்தனை அழகு, காற்றடிக்கும்போது நம் ஏரித் தண்ணீர் நெளிகிற மாதிரியே. புத்தகத்தை விரித்தால் அந்த நெளி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை ஓடவேண்டும் என்று பலகையைக் குறுக்கே வைத்து வெட்டினேன். முதல் மடக்கிலேயே முதுகு முறுக்கு மாதிரி நொறுங்கியது. கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். மரத்தின் வரியும் வெட்டும் ஒரே திசையில் ஓடினால்தான் குச்சிகளுக்குப் பலம். கோரைப்பாயை அதன் போக்கில் சுருட்டலாம், குறுக்கே மடித்தால் கோரை முறியும். ஏரி வேண்டாம் என்று பலகையைத் திருப்பி வைத்தேன். இப்போது வரிகள் மேலிருந்து கீழாக மழை மாதிரி இறங்குகின்றன. பார்க்கப் பார்க்க இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தத் தடவை அட்டை வெட்டுவதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு வெட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன். சாப்பாட்டு மேசையில் கிடந்ததை அப்பா எடுத்து மடக்கிப் பார்த்தார். அவர் தொழில் உனக்குத் தெரியும். கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் அறுந்துதான் தீரவேண்டும். அலுமினியமே அப்படி என்றால் மரம் எந்த மூலைக்கு? "இது எத்தினி நாளிக்குத் தாங்கும்? ஒரே வாரத்துல ஒடச்சிக் காட்றேன்" என்றார். சரி, உடையுங்கள் என்றேன்.

அன்றிலிருந்து டிவியில் செய்தி ஓடும் நேரமெல்லாம் அவர் கையில் அந்தத் துண்டுதான். திறப்பார், மூடுவார். முதலில் கோபமாக மடக்கினார். பிறகு பழக்கத்தில் மடக்கினார். இப்போதெல்லாம் விளம்பரம் வரும்போது விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு குச்சியாகப் பார்க்கிறார். வாரம் முடிந்துவிட்டது. உடையவில்லை. நான் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காக்கிச் சட்டைப் பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்.

நேற்று மார்க்கெட்டில் அவரோடு வேலை செய்கிற ராஜ்மோகன் அண்ணனைப் பார்த்தேன். உங்கள் மரத்துண்டை ஆபீசில் எல்லோரும் ஒரு கை பார்த்துவிட்டோம் என்று சிரித்தார். இது என்ன என்று அவர் கேட்டதற்கு அப்பா சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார்: "எம் பொண்ணு புத்தகத்துக்கு அட்ட. வூட்ல செய்யறாங்க. கெட்டியா கீதான்னு பாக்கறேன்."

அதாவது வீட்டில் உடைக்கிறார், ஆபீசில் பரிசோதிக்கிறார். "எம் பொண்ணு" என்ற வார்த்தையை நீ போனதிலிருந்து அவர் வாயால் நான் கேட்கவில்லை. ராஜ்மோகன் அண்ணன் வாயால் கேட்டதும் கத்திரிக்காய்க்கு விலை கேட்க மறந்துவிட்டேன். நான் இதைத் தெரிந்துகொண்டதாக அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீயும் எழுதிவிடாதே.

லீவு கேட்டீர்களா என்று மட்டும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "காத்தழுத்தம் உருவாயிருக்குன்னு சொல்றான்" என்றார். டிவியில் அப்போது சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மாதா உன்னைக் காப்பாளாக.

அம்மா

*

பாகூர்,
நவம்பர் கடைசி

அன்பு ஜெசிந்தா,

இந்தக் கடிதம் பார்சலுக்குள்ளேயே வருகிறது. பிரிக்கும்போது கத்தி வேண்டும், பிறகு சொல்கிறேன்.

மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிக் கலங்கலில் உபரித் தண்ணீர் வழிகிறது. குருவிநத்தம் பக்கம் புளியமரம் கம்பிமேல் சாய்ந்து, அப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வந்ததே துணி மாற்றத்தான். அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இஞ்சிக் கஷாயம் போட்டுக்கொடுத்தேன், திட்டிக்கொண்டே குடித்தார்.

அட்டை முடிந்தது. நல்ல வேலை, ஜெசி. என் வேலையை நானே சொல்லக்கூடாது என்பார்கள், சொல்கிறேன். திறந்து மேசைமேல் வைத்தால் இரண்டு பக்கமும் தட்டையாகப் படுக்கும், பீடத்தில் யாரும் கையால் அழுத்திப் பிடிக்கவேண்டாம். அட்டையின் மேல் படம் எதுவும் போடவில்லை. செல்வி அத்தை ஒரு லீலிப்பூவாவது போடச் சொன்னாள். மரத்தின் வரியும் முதுகின் வெட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் மதரிடம் நீயே சொல்லிவிடு. இந்த ஈரத்தில் மரம் ஓதம் குடித்து முதுகு விறைத்துக்கொண்டது. வெயில் கிடையாது. அடுப்பு அனலில் காட்டினால் கோணிவிடும். நனைந்த செல்போனை அரிசியில் போடுவார்களே, அந்த நினைப்பில் அட்டையை வேட்டித்துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்தேன். பழையபடி இளகி வந்துவிட்டது. ஆனால் உங்கள் வார்த்தைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் கொஞ்ச நாளைக்குப் புழுங்கலரிசி வாசம் வரும். பக்கத்தில் நிற்கும் பெண்கள் கேட்டால் பாகூர் வாசம் என்று சொல்.

பட்டறைத் தரை ஓதமாக இருப்பதால் மீதிப் பலகைகளை நம் வீட்டில், உன் கட்டில்மேல் அடுக்கலாம் என்றாள் செல்வி அத்தை. பலகைக்கு அது நல்ல தட்டையான இடம்தான். நான் நாற்காலிகளை ஒதுக்கிக் கூடத்திலேயே அடுக்கச் சொல்லிவிட்டேன். கட்டில் கட்டிலாகவே இருக்கட்டும் என்றேன்.

அப்பாவின் துண்டு கடைசியில் உடைந்தது. முந்தாநாள் காலையில் டீ குடிக்கும்போது என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "பாரு, ஒடஞ்சிப்போச்சி. நான் சொன்னனா இல்லியா?" வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு குச்சி மட்டும் முறிந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. மடக்கிக் காட்டினேன். மடங்கியது. அவரும் வாங்கி ஒரு தடவை மடக்கிப் பார்த்தார். திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

இன்று காலை நான் அட்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். இந்த மழையில் பேப்பர் எதற்கு ஆகும் என்று என்னை நகரச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து அவரே கட்டினார். பாலித்தீன் இரண்டு சுற்று, அதன்மேல் கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப். ஓர் இடம் விடவில்லை. அதனால்தான் கத்தி வேண்டும் என்றேன். இந்தக் கடிதத்தை உள்ளே வைக்கவேண்டும் என்று ஒரு பக்கத்தை மட்டும் மூடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். கையில் டேப்போடு உட்கார்ந்திருக்கிறார், நான் எழுதி முடிப்பதற்காக.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டார்.

"மலையில டிசம்பர்ல குளுருமா?"

குளிரும் என்றேன்.

"ரொம்பவா?"

எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டேப்பின் முனையை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார். லீவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் பிறந்து இந்த ஊர்க் கம்பங்களிலேயே ஏறி இறங்கிய மனிதர், அவரிடம் ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது.

ஆகையால் நீ எனக்காக ஒன்று செய். பார்சல் கிடைத்ததும் மதரிடம் கேட்டு, அப்பா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. வாங்க என்று எழுதாதே. ஏன் வரவில்லை என்றும் கேட்காதே. அங்கே குளிர் எப்படி, காலையில் பனி எவ்வளவு நேரம் நிற்கும், என்ன மாதிரித் துணி எடுத்துவரவேண்டும், அதை மட்டும் விவரமாக எழுது.

எனக்கு உன்னைப் பற்றிப் பயமில்லை, மகளே. அந்த எட்டாம் தேதி காலையிலும் உன் மனம் உன்னுடையதாகவே இருக்கட்டும். அது எதைச் சொன்னாலும் மாதா உன்னோடு நிற்பாள், நானும் இடப்பக்கம் நிற்பேன்.

கைக்கு உறையும் தேவைப்படுமா என்று மறக்காமல் எழுது.

அரிசி வாசமுள்ள கையோடு உன்னை ஆசீர்வதிக்கும்,
அம்மா