அழக் கூடாத வீடு

அன்பான நைனாவுக்கு, உங்கள் பிள்ளை எஸ்தர் ஆசையோடு எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. நீங்கள் பழக்கிய கை அல்லவா? ஆனால் சுகமில்லை, நைனா. நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது, எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கின வீட்டையே மறுபடி பெருக்குகிறேன். உலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தோம் என்று யோசித்துத் திரும்புவதற்குள் சோறு அடிப்பிடித்து விடுகிறது. சபையில் கீர்த்தனை பாட எழுந்தால் முதல் அடியோடு வெளியே வந்துவிடுகிறேன்.

இன்று ஆடிக் கிருத்திகை. சித்தூர்ப் பக்கத்துக் கூட்டமெல்லாம் நம் தெரு வழியாகத்தான் மலைக்குப் போகிறது. காவடி தூக்கி வந்த ஒரு அம்மாள் பிள்ளையைப் பறிகொடுத்தவளாம். நடுத்தெருவில் நின்று முருகனைத் திட்டிக்கொண்டே அழுதாள். யாரும் அவளை அடக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது. உபதேசியார் மகள் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனாலும் உண்மை அதுதான்.

அம்மா போன அன்று நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டு அம்சா அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்து அழ ஓடி வந்தாள். நீங்கள் நிலைப்படியிலேயே கையை நீட்டி நிறுத்தினீர்கள்.

"நம்ம வீட்ல ஒப்பாரி வாணாம்மா. அவ ஆண்டவர்கிட்ட போயிருக்கா. நாம அழுதா நம்பிக்கை இல்லாதவங்கன்னு ஆயிடும்."

நானும் தம்பி தாவீதும் சுவரோரமாக நின்றோம். கல்லறையில் ஜெபத்தையும் நீங்களே நடத்தினீர்கள், குரல் பிசகவில்லை. பிள்ளைகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சபையார் எங்களை மெச்சிக்கொண்டார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் உங்கள் அடக்கத்தின்போதும் நாங்கள் அழவில்லை.

தாவீதுக்கு இப்போது அரக்கோணம் லோகோ ஷெட்டில் வேலை. ஞாயிறுதோறும் ரயிலேறி வருகிறான். இளைத்துப் போய்விட்டான். ஓடு ஒழுகுவதைப் பற்றியும் ரேஷன் அரிசியில் கிடக்கும் கல்லைப் பற்றியும் பேசுகிறோம்; உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன வாரம் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, "இனிமே மாசத்துக்கு ஒருவாட்டி வந்தா போதும்னு பாக்கறேன்க்கா, ஷெட்ல வேலை ஜாஸ்தி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இவனும் என்னை விட்டுப் போகப் போகிறான் என்று அப்போதுதான் பயந்தேன்.

அந்தப் பயத்தோடுதான் புதன்கிழமை, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். நீங்கள் மாதந்தோறும் ஜெபம் நடத்தப் போவீர்களே, நெசவுக்காரி சலோமி வீடு, அங்கேதான். என் வயசுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

"இன்னா எஸ்தரு, இப்பவாவது அழுதியா இல்லியா?"

"எங்க வீட்ல அழுவற பழக்கம் இல்ல சலோமி. நைனா அப்படி வளக்கல."

"யாரு, ஒங்க நைனாவா?" அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஜெபம் முடிஞ்சா தறிங்களுக்கு நடுவுல போய் ஒக்காந்துக்குவாரு. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, நிறுத்தாதீங்கம்பாரு. துண்டால மூஞ்சிய மூடிகினு அழுவாரு. ஒங்கம்மா போனதுலேர்ந்து மாசா மாசம் இதே கதைதான். தறிச் சத்தத்துல வெளிய கேக்காதில்ல."

நைனா, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டில் பிள்ளைகள் வறண்டுபோய் நிற்க, நீங்கள் பஸ் ஏறிப் போய் அழுதீர்களா? எங்களோடு அழுதிருந்தால் உங்கள் விசுவாசத்தில் என்ன குறைந்திருக்கும்? சிநேகிதனுடைய கல்லறைக்கு முன்னால் ஆண்டவரே நின்று அழுதார் என்று பிரசங்கம் செய்தவர் நீங்கள்தானே? அவர் ஊர் பார்க்கத்தானே அழுதார்? அவர் எந்தத் தறிச் சத்தத்தைத் தேடிப் போனார்?

இதையெல்லாம் சலோமியிடமே கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போய், நீங்கள் உட்காரும் இடத்தில் உட்காரவைத்தாள். யுத்தம் வந்ததிலிருந்து நூல் கிடைப்பதே அரிது. அன்றுதான் நூல் வந்து எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"தறிய நிறுத்துய்யா. எல்லாத்தையும். இவ அழுவறது ஆண்டவருக்குக் கேக்கட்டும். தெருவுக்கும் கேக்கட்டும்."

அவர் ஒரு கணம் நூலைப் பார்த்தார். பிறகு தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்த அமைதியில் நான் அழுதேன், நைனா. அம்மாவுக்காக, உங்களுக்காக, ஒப்பாரியே வைத்தேன். பெண்கள் தெருவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். சலோமி என் முதுகில் கை வைத்து ஜெபித்தாள். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. "பாரு ஆண்டவரே, இவளப் பாரு", அவ்வளவுதான். எத்தனையோ நாள் முழங்காலில் நின்று சமாதானம் தாரும் என்று கேட்டபோது வராதவர், நான் உங்களைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரிந்தது.

ஆறிவிட்டதா என்றால், முழுக்க இல்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போதே நாலு முறை எழுந்துவிட்டேன். ஆனால் புண் இப்போது வெளியே தெரிகிறது, மருந்து போடுகிறவர் கைக்கு எட்டுகிறது. தாவீதின் புண் இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதுதான் என்னை அரிக்கிறது.

நாளை ஞாயிறு, வருவான். வந்ததும் ஓடு ஒழுகுவதைப் பற்றி ஆரம்பிப்பான். நான் உங்கள் பேச்சை எடுப்பேன். நீங்கள் அழுததைச் சொல்லிவிடுவேன். அதற்காக நீங்கள் என்னைக் கோபித்தாலும் சரி. பிறகு அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து அழுவேன். எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தானானால் கூடவே அழுதுகொண்டு போவேன், பிளாட்பாரமே வேடிக்கை பார்க்கட்டும். உங்களைத் தனியாக அழ விட்டுவிட்டோம், நைனா. அவனை விடமாட்டேன். இது சத்தியம்.

உங்களைத் திட்டினாலும் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும் மகள்,
தாவீதுக்கு அக்கா,
எஸ்தர்
திருத்தணி