சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்

ஜூன் 3
முழங்கால் வலி. கடையில் வந்து உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்க அவசியமே வரவில்லை. மதியம் வரை இரண்டு நூல்கண்டு, ஒரு பாக்கெட் ஊசி. அப்பாவின் கடையை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து ஆறு வருஷம் ஆகிறது. தையல் மெஷின் விற்பது அண்ணனுக்கு. நூல், ஊசி, பட்டன் எனக்கு. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

ஜூன் 5
ஒரு பெண் மெஷின் விலை விசாரித்தாள். "பக்கத்துல வாங்காதம்மா, பஸ் ஸ்டாண்டுகிட்ட பெரிய கடை இருக்கு" என்றேன். ஆறு வருஷமாக இதே பாட்டுதான். முன்பெல்லாம் சொன்னால் வயிறு குளிரும். இன்று வெறும் அலுப்பு.

ஜூன் 9
யாரும் வரவில்லை.

ஜூன் 12
எதிரே ரெடிமேட் துணிக்கடை வந்ததுதான் காரணம் என்று வீட்டில் புலம்பினேன். "தைக்கிறதே குறைஞ்சா நூல் எதுக்கு?" என்றார் இவர். சரிதான். ஆனால் இன்னும் தைக்கிறவர்கள் நூலை எங்கே வாங்குகிறார்கள்?

ஜூன் 16
விடை கிடைத்தது. அன்றைக்கு வந்த பெண்ணைத் தெருவில் பார்த்தேன். பெரிய கடையில் மெஷின் வாங்கிவிட்டாளாம். "நூல், ஊசி எல்லாம் அங்கேயே வாங்கிட்டேன்க்கா." மெஷின் எடுத்த இடத்தில்தானே நூலும் எடுப்பார்கள்? இது தெரியாமல் என் ஆட்களை நானே அனுப்பி வைத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மண்டு உண்டா?

ஜூன் 18
தையல்கார அக்கா நூல் வாங்க வந்தார். அண்ணனிடம் புது மெஷின் எடுத்திருக்கிறார். நூலையும் நீங்களே வைக்கலாமே என்று அவனைக் கேட்டாராம். "'அது என் தங்கச்சி பொழப்பு, கை வைக்க மாட்டேன்'னுட்டாரு. எல்லாரையும் இங்கதான் அனுப்புறாரு, உனக்குத் தெரியாதா?"
தெரியாதே. நான் என்ன பண்ணிட்டிருந்தேன் இத்தனை நாளா — சே.

ஜூன் 21
அண்ணன் கடை வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை. போய் நின்றேன்.
"ஆள் வரதில்ல. அதான்" என்றான்.
"உன் ஆளுங்கள நான்தான் வேற கடைக்கு அனுப்பினேன்."
"தெரியும். நிக்காத, கால் வலிக்கும்."

ஜூன் 22
எழுத ஒன்றுமில்லை. அழுதேன்.

ஜூன் 26
அம்மாவும் மகளுமாக இரண்டு பேர் மெஷின் கேட்டு வந்தார்கள். "பக்கத்துக் கடை. எங்க அண்ணன் கடைதான்" என்றேன். பலகை இன்னும் தொங்குகிறது.
முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். வெள்ளை நூல் வேண்டுமாம்.