குரல் நின்னா இழுப்பேன்

ஏட்டி,

வாசனைக்கும் இப்போது பித்தான் வைத்திருக்கிறார்கள். பச்சை நிறத்தில், ரூபாய்க் காசு அகலத்தில் ஒன்று. அமுக்கினால் சுவரில் இருக்கிற குழாயிலிருந்து புஸ்ஸென்று வருகிறது, நம்ம பீர் கம்பெனி வாசனை. ஊறின பார்லியும் புளித்த கஞ்சியும் கலந்து, அதற்கு அடியில் ஊசி மாதிரி ஒன்று மூக்கில் குத்துமே, அது. எனக்கு முன்னால் நின்ற மதுரைக்காரர்கள் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

செங்கோட்டை ரோட்டில் மலையடியில், இத்தனை வருசமாகப் பாம்பு குடியிருந்த அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, குற்றாலத்துக்குச் சீசனில் வருகிற கூட்டம் சுற்றிப்பார்க்கிற இடமாக ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் உண்டு. எல்லாவற்றையும் தொடலாம், திருகலாம், துடுப்பைப் பிடித்துக் கிண்டலாம். அன்றைக்கு நாம் தொட்டால் வசவு விழுந்த சாமான்களுக்குப் பக்கத்தில் எல்லாம் ‘தொட்டுப் பாருங்கள்’ என்று அழகாக எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

என் மூத்தவள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். “எம்மா, புதுசா ஏதோ தெறந்திருக்கானாம், பாத்துட்டு அப்படியே அருவிக்குப் போவோம்” என்றாள். எந்த இடம் என்று கார் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் அங்கே வேலை பார்த்த கதையை என் பிள்ளைகள் யாருக்கும் சொன்னதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அரசாங்கம் மதுக்கடைகளைத் திறந்துவிட்ட காலம் அது. பூட்டிக் கிடந்த கம்பெனிக்கு மறுபடி உயிர் வந்தது. நீயும் நானும் பாட்டில் கழுவப் போனோம். போன கொஞ்ச நாளில் என்னைத் தொட்டி தேய்க்கிற வேலைக்கு மாற்றினான் மேஸ்திரி, உடம்பில் சதை இல்லாதவள் என்று. பாதி மண்ணுக்குள் புதைந்த தேக்குத் தொட்டிகள். மேலே மூடியில் ஒரு ஓட்டை. பீரை இறக்கினதும் அதன் வழியாக ஏணி வைத்து உள்ளே போய், அடியில் ஒட்டின மண்டியைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். நீ நுழைய மாட்டாய். “என் இடுப்புக்கு அது வாசலில்லட்டி, வளையலு” என்பாய். அதனால் நான் உள்ளே, நீ மேலே கயிற்றோடு.

இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விட வேண்டும். விளக்கு நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று கிடக்கிறது. இது கம்பெனி வழக்கம். அடுத்தது நீயாக வைத்துக்கொண்ட வழக்கம். என் இடுப்பில் கயிற்றை முடிந்து, மறுமுனையை உன் கையில் சுற்றிக்கொண்டு, “பேசிக்கிட்டே இருக்கணும். நான் ஏட்டின்னா நீ ம்-முனு சொல்லணும். கொரலு நின்னா இழுப்பேன்” என்பாய். என் மாமியாரை நான் வைத வசவு முழுவதும் அந்தத் தொட்டிகளுக்குத்தான் தெரியும்.

அந்த ஆனி மாதம் சாரல் விடாமல் அடித்தது. ஓட்டு இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே தூவிற்று. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. உன்னிடம் மட்டும் சொல்லியிருந்தேன். நீ விளக்கை இறக்கினாய், பாதியில் அணைந்தது. ஏற்றி மறுபடி இறக்கினாய், மறுபடி அணைந்தது.

மேஸ்திரி வந்து நின்றான். “சாரக் காத்துல வெளக்கு அணையாம என்னட்டி செய்யும்? எறங்கு.”

“தொட்டிக்குள்ள ஏது அண்ணாச்சி சாரலு?” என்றாய் நீ.

“மேலயிருந்து எறங்குத காத்துதான. உனக்கு வெளக்கு பிடிக்கத் தெரியலன்னு சொல்லு. இன்னைக்குள்ள தொட்டி ரொம்பணும். முடியாதுன்னா ரெண்டு பேரும் வீட்டப் பாத்துப் போங்க.”

அவன் சொன்னது உண்மையாகவும் இருந்திருக்கலாம், அதுதான் என்னை இன்றைக்கும் உலுக்குகிறது. அதற்கு முன்னால் ஒரு தரம் சாரலில்தான் அணைந்தது. இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. அணைகிற விளக்கு எதனால் அணைகிறேன் என்று சொல்லிவிட்டா அணைகிறது?

“இன்னைக்கு இவளால முடியாது அண்ணாச்சி” என்றாய்.

“ஏன், மகாராணிக்கு என்ன?”

நீ என் முகத்தைப் பார்த்தாய். சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். என் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடந்தார். என் கூலி வந்தால்தான் வீட்டில் உலை. நீ கயிற்றை உன் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாய்.

ஏணியில் கால் வைத்தேன்.

“ஏட்டி.”

“ம்.”

“உங்க அத்த இன்னைக்கு என்ன கொழம்பு வச்சா?”

“புளித்தண்ணி. வேற என்ன தெரியும் அவளுக்கு?”

நீ சிரித்தது கேட்டது. அப்புறம் “ஏட்டி” என்றதும் கேட்டது. எனக்குப் பதில் நெஞ்சுவரைக்கும் வந்துவிட்டது, வாய் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மேலே ஓட்டையில் தெரிந்த வெளிச்சம் சுருங்கிக் கடுகளவாகப் போனது. நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். ஒரு ம். அதைச் சொல்ல முடியவில்லை என்னால்.

கண் திறந்தபோது முற்றத்தில் கிடந்தேன், முகத்தில் சாரல் விழுந்தது. வாந்தி வாந்தியாக எடுத்தேன். உன் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கிற்று. ஆள்காட்டி விரலில் கயிறு எலும்புவரைக்கும் இறங்கியிருந்தது. நீ என் காதோடு குனிந்து, “கயிறு ரெண்டு ஆளு கனம் கனத்துச்சுட்டி” என்றாய்.

மேஸ்திரி அதற்குள் ஆபீசுக்கு ஓடியிருந்தான். “பீரைக் குடிச்சுட்டு விழுந்துட்டாளுவ மொதலாளி.” நாம் வீடு போய்ச் சேருமுன் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. என் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு, “வாயை ஊதுட்டி” என்றாள். தெருவே நிற்க, ஊதினேன். தொட்டிக் காற்றைக் குடித்த வாய், வேறு எப்படி மணக்கும்? சாகிறவரைக்கும் அவள் நம்பவில்லை. நானும் அதற்கப்புறம் அவளைப் பெயருக்குக்கூட அத்தை என்று கூப்பிடவில்லை.

மேஸ்திரி செத்தபோது ஊரே போனது. நீயும் போனாய். “செத்தவன்கிட்ட என்னட்டி பகை?” என்றாய். ஏட்டி, அதற்கு உன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக அதை விட்டுவிட மாட்டேன்.

கேள், அங்கே இப்போது அவனுக்குப் பொம்மை வைத்திருக்கிறார்கள். தலைப்பாகை, மீசை, கையில் கயிறு, கயிற்றில் விளக்கு. பித்தானை அமுக்கினால் விளக்கு தொட்டிக்குள் இறங்குகிறது. ஒரு குரல், ‘தொழிலாளர் உயிரைக் காக்க மேஸ்திரி முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்’ என்கிறது. உனக்குப் பொம்மை இல்லை. கயிறு பிடித்த பொம்பளை ஒருத்தி அங்கே இருந்த தடமே இல்லை.

தொட்டியின் வாயை அகலமாக வெட்டி, இரும்புப் படி போட்டு, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மூத்தவள் இறங்கிவிட்டாள். ஏற்கெனவே ஒரு தரம் அதற்குள் போய்வந்தவள், அது தெரியாமல் இரண்டாம் தரம் இறங்கினாள், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

“ஏட்டி” என்றேன்.

“என்னம்மா.”

“பேசிக்கிட்டே இரு.”

“சரிம்மா, சரி.”

அப்புறம் சத்தம் இல்லை. கூப்பிட்டேன், இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன், இல்லை. அங்கே வேலைக்கு நின்ற பெண் வந்து, “ஆச்சி, பயப்படாதீங்க, உள்ள லைட்டு, பேன் எல்லாம் இருக்கு” என்று தோளைத் தொட்டாள். அவள் சொன்னது என் காதுவரைக்கும்தான் வந்தது. என் கை கயிறு தேடிற்று. அங்கே இருந்தது ஒரே கயிறு, அந்தப் பொம்மையின் கையில். பிடித்து இழுத்தேன். கயிறு, விளக்கு, மேஸ்திரியின் கை, மூன்றும் சேர்ந்து கழன்று வந்தன.

“ஐயோ ஆச்சி, அதைத் தொடக் கூடாது!”

எல்லாவற்றையும் தொடலாம் என்று எழுதின இடத்தில் அவன் ஒருத்தனை மட்டும் தொடக் கூடாதாம்.

மூத்தவள் மேலே ஏறிவந்தாள். உள்ளே கதை சொல்கிற கருவி ஒன்றைக் காதில் மாட்டியிருந்தாளாம். “என்னம்மா இது, மானத்த வாங்குத” என்றவள், என் கையில் பொம்மைக் கையையும், என் முகத்தையும் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

அருவிக்குப் போகவில்லை. காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், வாயை ஊதினதுவரைக்கும். கண்ணாடியில் சாரல் வழிந்துகொண்டிருந்தது. கடைசியில், “அதான் நீட்டுவெரல் சித்திக்கு அந்த வெரலு மடங்காதா?” என்றாள். நீ அவளுக்குச் சோறு ஊட்டும்போது தனியாக நீட்டிக்கொண்டு நிற்குமே, அதைப் பிடித்து விளையாடித்தானே அவள் தின்பாள். தன் கையை மடக்கி, அந்த விரலை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள்.

நீ கீழப்பாவூரில் உன் மகன் வீட்டில் சாகக் கிடந்ததை அவளிடம் சொல்லவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நான் ஏட்டி என்பேன், நீ கண்ணைத் திறக்காமல் ம் என்பாய். அப்படியே விடிந்தது. உன் மருமகள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஏட்டி என்றேன். இன்னொரு தரம் சொன்னேன். பிறகு உன் கையைப் பிடித்து இழுத்தேன், இருந்த பலத்தையெல்லாம் கூட்டி. “ஆச்சி, என்ன செய்யுதிய!” என்று அவள் ஓடிவந்து பிரித்தாள். மடங்காத அந்த விரலைத்தான் கடைசியாக விட்டேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் கூடிவிட்டது. சாமி விளக்கு காற்றில் அணைந்தால் வீட்டில் சகுனம் என்பார்கள். நான் கெட்ட காற்றோ என்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். மூத்தவள் ஊருக்குப் போனபிறகு தினமும் போன் போடுகிறாள். “எம்மா” என்று சொல்லிவிட்டு நிறுத்துவாள். நான் ம் என்கிறவரைக்கும் அடுத்த பேச்சு பேச மாட்டாள். சொல்லித்தரவில்லை நான், அவளாகவே பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் அவள் கூப்பிடுவாள், எனக்கு வாய் வராது. அவள் இந்தப் பக்கமிருந்து இழுப்பாள், தெரியும் எனக்கு. ஏட்டி, அந்த நேரம் நீ அந்தப் பக்கமிருந்து இழுத்துவிடாதே. கொஞ்சம் பொறு.